யாருக்கய்யா டிரைவர் பத்திரிகை?

லாரி டிரைவர்களுக்காக நடத்துகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் பத்திரிகைகள் லாரி முதலாளிகளுக்காகவே நடக்கின்றன. அப்படி ஒன்றில் கட்டுரைக்கு 400 ரூபாய் கூலிக்கு இரண்டு வருஷம் எழுதியவன் என்கிற முறையில் சொல்கிறேன். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரி ஆபீசுகளில் அது இலவசமாகக் கிடக்கும். டயர் விளம்பரம், ஃபைனான்ஸ் விளம்பரம், பாடி கட்டும் பட்டறை விளம்பரம். மிச்ச இடத்தில் டிரைவருக்கு அறிவுரை.

என்ன அறிவுரை? குடிக்காதே. தூங்கி வழியாதே. டீசல் திருடாதே. கண்ட பொம்பளைகிட்டப் போகாதே. டிரைவர் என்றாலே குடிகாரன், திருடன், நோய் பரப்புகிறவன் என்கிற புத்தியிலிருந்து வருகிற வரிகள் இவை. சேரிக்குள் வந்து ‘சுத்தமா இருங்கப்பா’ என்று உபதேசிக்கிறவர்களின் குரல் நமக்குத் தெரியாதா? அதே குரல்தான்.

தூக்கத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எழுதினேன். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி என்று வைத்தது. தூர ஓட்டத்துக்கு அனுமதி வாங்கினால் 10 மணி. ஆனால் 5 தொழிலாளிக்குக் குறைந்த இடத்தில் அது தானாகச் செல்லவில்லை. ஒரு லாரி, இரண்டு லாரிக்காரனிடம் வேலை பார்த்தவன் சட்டத்துக்கு வெளியே நின்றான். அந்தச் சட்டத்தையும் 2020இல் புதிய தொகுப்பொன்றுக்குள் கரைக்க முடிவெடுத்தார்கள். ‘லோடு சீக்கிரம் போகணும் என்று முதலாளி போன் மேல் போன் போட்டால் டிரைவர் எங்கே தூங்குவான்?’ என்று கேட்டிருந்தேன். அச்சில் வந்தது என்ன தெரியுமா? ‘முகம் கழுவுங்கள், டீ குடியுங்கள்.’

அடுத்து, செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவர்களைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். அதுவும் லாரிதான். அதற்கும் எஃப்.சி. உண்டு, இன்சூரன்ஸ் உண்டு. அங்கே ஸ்டியரிங் பிடிக்கிறவனே குழாயும் இறக்குகிறான். குழாய் அடைத்துக்கொண்டால் குழிக்குள் இறங்கச் சொல்கிறார்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 1993 முதல் சாக்கடையில் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் இழப்பீட்டை 30 லட்சம் ஆக்கியது. சாவுக்கு விலை ஏறியது, சாவு நிற்கவில்லை.

ஆசிரியர் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். “தம்பி, நீங்க எம்.ஏ. தமிழ், நடை நல்லா வருது. ஆனா இது துப்புரவு சப்ஜெக்ட், லாரி சப்ஜெக்ட் இல்ல. சாதியெல்லாம் நமக்கு எதுக்கு?”

சாதியை இழுத்தது யார்? சிமெண்ட் ஏற்றினால் டிரைவர், மலம் ஏற்றினால் துப்புரவு ஆள் என்று பிரித்தது யார்? லாரியின் முன்கண்ணாடியில் சொந்தச் சாதிப் பெயரை ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற வண்டிகள் இவர்கள் கண்ணில் படவில்லையா? அதெல்லாம் பெருமை, நாம் வாய் திறந்தால் மட்டும் சாதியா?

தோழர்களே, அதோடு அங்கே எழுதுவதை நிறுத்தினேன். நிறுத்தியது மட்டும் போதாது. பேட்டா எவ்வளவு, எத்தனை மணி நேர ஓட்டம், விபத்து நடந்தால் வழக்குச் செலவு யார் தலையில், நம்ம பையன் எத்தனை வருஷம் கிளீனராகவே கிடந்தான், ஏன் கிடந்தான் — இதையெல்லாம் அவர்கள் வாயால் கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுதுவோம். நாலு பக்கம் ஜெராக்ஸ் போட்டு ரோட்டோர டீக்கடைகளில் வைப்போம். அதில் அறிவுரை வேண்டாம். கணக்கு இருக்கட்டும்.