கயிறு யார் கட்டியது?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைச் சாதிப் பகையில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவன் படித்த பள்ளியின் மாணவர்களே. தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி நிறக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி கூடாது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது. பள்ளிப் பெயர்களிலும் சாதி கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள்.

அறிக்கை வந்த வேகத்தில் சண்டை நெற்றிக் குறி மேல் திரும்பிவிட்டது. திருத்தணி மலையைப் பார்த்தபடி வாழும் நமக்கு அந்தக் கவலை புரியும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் பிள்ளையின் திருநீறு பக்தி. சாதிக் கட்சிக் கொடியின் நிறத்தில் கட்டும் கயிறு பக்தி அல்ல. இரண்டையும் பிரித்தறிய நமக்கு நீதிமன்றம் வேண்டியதில்லை.

பாலினம் பற்றிய பேச்சும் இப்படித்தான் முடங்கியது. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட கையேடு, எதிர்ப்பு கிளம்பியதும் 2021 நவம்பரில் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. எந்த வயதில் எதைச் சொல்வது என்று ஒரு தாய் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்; அவரைப் பிற்போக்கு என்று ஒதுக்குவது தவறு. ஆனால் நடை கொஞ்சம் வேறாக இருக்கும் பையனை ‘ஒன்பது’ என்று கேலி செய்ய எந்தப் பாடநூலும் கற்றுத்தரவில்லை. தெருவில் கேட்டதைத்தான் பிள்ளைகள் வகுப்பில் சொல்கிறார்கள்.

தீண்டாமை மனிதநேயமற்ற செயல், பெருங்குற்றம் என்று நம் மாநிலப் பாடநூல்களின் முன்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அதைப் புரட்டிய கைகள்தான் அரிவாளும் எடுத்தன. ஆகவே, பாடத்தை மாற்றினால் போதும் என்பவர்களும் பாடமே ஆபத்து என்பவர்களும் வீட்டை மறந்து பேசுகிறார்கள்.

மொழிக்காக எல்லைப் போராட்டம் கண்ட மண் நம்முடையது. திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரலில்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. இன்று கனகம்மாசத்திரத்தில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளையும் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்தப் பழைய பகையைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்கு ஊட்டவில்லை. மொழி விஷயத்தில் முடிந்தது, சாதியிலும் பாலினத்திலும் ஏன் முடியாது?

கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசும் அதே கூட்டத்தில் இதையும் பேசலாம். பிள்ளையின் கையில் அந்தக் கயிற்றைக் கட்டியது யார்? கேலிக்கு ஆளாகும் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? ஆசிரியர்கள் தங்கள் சங்க அடையாளத்தை வாசலிலேயே விட்டு வர வேண்டும். ஊராட்சித் தலைவரும் உட்கார வேண்டும்.

பெற்றோரே, அடுத்த கூட்டத்துக்கு அம்மாக்களை மட்டும் அனுப்பாதீர்கள். அப்பாக்களும் வாருங்கள்.