இளங்கன்றும் பந்தயக் களமும்

இளங்கன்று பயமறியாது என்பது பழமொழி. பயமறியாமை ஒன்றை மட்டும் கைமுதலாகக் கொண்டு பந்தயத்தில் வென்றுவிடலாமா? இந்த வினாவைச் சென்ற வாரம் ஓர் இளைஞன் எம்மிடம் கொண்டுவந்தான்.

அவன் எம்மிடம் படித்தவன். இப்போது மடுல்சீமை நகரில் முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கிறான். பசறையிலிருந்து மேலேறும் வீதியின் வளைவுகள் அத்தனையும் அவன் கைகளுக்கு மனப்பாடம். மூடுபனி இறங்கி நான்கு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத வேளையிலும், நோயாளியை ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் பத்திரமாய்ப் போய்ச் சேர்பவன். அந்த வண்டி வந்த கதையை நாம் அறிவோம். அவனுடைய தாய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்து, ஓய்வு பெற்றபோது கைக்குக் கிடைத்த சேமலாப நிதிப் பணமே அந்த மூன்று சக்கரங்களாக உருள்கிறது. அதை விற்றுவிட்டுப் பந்தய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப் போகிறேன் என்றான் அவன்.

“முதல் வருஷத்திலேயே சம்பியன் பட்டம் எடுத்துவிட்டால் போட்ட காசு திரும்பிவிடும், சேர். உலகத்தில் அப்படி யாருமே எடுத்ததில்லையா?”

மறுநாள் அந்த அம்மாளும் வந்தார். வாசற்படியில் நின்றபடியே, “நீங்க சொன்னா கேப்பான், ஐயா” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

நாமோ வாகனம் ஓட்டி அறியோம். பஸ்ஸில் மூலையாசனம் கிடைத்தால் மகிழ்பவர் கூட்டத்தைச் சேர்ந்தவர். எனினும், கேட்டவன் மாணவன். முடியும் என்றோ முடியாது என்றோ வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்புவது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆகவே இரண்டு இரவுகள் இருந்து படித்தோம். படித்ததை வாசகர்களுக்கும் சொல்கிறோம். இத்தகைய வினாவுடன் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கக்கூடும் அல்லவா?

கார்ப் பந்தயத்தின் உலகப் பட்டம் 1950ஆம் ஆண்டில் தொடங்கியது. அவ்வாண்டு வென்றவர் இத்தாலியரான பரீனா. முதல் ஆண்டிலேயே வென்றார் என்று இவரைச் சொல்வது கணக்குக்குப் பொருந்தும், உண்மைக்குப் பொருந்தாது. பட்டம்தான் புதிது. யுத்தத்துக்கு முன்பே பந்தயங்களில் ஓடி நாற்பதைக் கடந்திருந்த அவர் புதியவர் அல்லர். அவருக்குப் பின் அந்தப் பட்டத்தைத் தம் முதல் ஆண்டில் வென்றவர் இன்றுவரை ஒருவருமில்லை. அண்மையில் வந்து தொட்டவர் இருவர்.

ஒருவர் கனடா நாட்டு ஜாக் வில்நெவ். 1996இல் வில்லியம்ஸ் நிறுவனத்தின் சிறந்த காரில் அமர்ந்து நான்கு பந்தயங்களை வென்றார். பட்டம் யாருக்கு என்பது கடைசிப் பந்தயம் வரை முடிவாகவில்லை. அங்கே அவருடைய காரின் சக்கரம் கழன்றது. பட்டம் அவருடைய கூட்டாளியான டேமன் ஹில்லுக்குப் போயிற்று. மறு ஆண்டு, 1997இல், வில்நெவ் உலக சம்பியன் ஆனார்.

மற்றவர் லூயிஸ் ஹாமில்டன். இவர் கதை நின்று நோக்கத் தக்கது. 2007இல், இருபத்திரண்டு வயதில் களம் புகுந்த இவர், முதல் ஒன்பது பந்தயங்களிலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். இரண்டே பந்தயங்கள் எஞ்சியிருந்தபோது இவருக்கு 107 புள்ளிகள். மூன்றாமிடத்திலிருந்த ரைக்கோனனுக்கு 90. ஒரு வெற்றிக்கு அக்காலத்தில் பத்துப் புள்ளிகள். பட்டம் மடியில் விழுந்துவிட்டது என்றே உலகம் எண்ணியது. ஷாங்ஹாயில் நடந்த பந்தயத்தில் அவர் வெல்லவேண்டிய தேவையே இல்லை. ஆயினும், ஈரம் காய்ந்துவரும் பாதையில் டயர் தேய்ந்து நூல் தெரியும்வரை ஓடினார். அவரை உரிய நேரத்தில் உள்ளே அழைக்க அவருடைய குழுவினரும் தவறினர். கடைசியில் டயர் மாற்றத் திரும்பும் வளைவில் கார் வழுக்கிச் சரளைக் கற்களில் புதைந்தது. அடுத்து பிரேசிலில் கியர்ப் பெட்டி கோளாறு செய்ய, ஏழாவதாகவே வந்தார். முடிவில் ரைக்கோனன் 110, ஹாமில்டன் 109. ஒரே ஒரு புள்ளி! மறு ஆண்டு அதே பிரேசிலில், கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் ஒரு காரை முந்தி, அதே ஒரு புள்ளியினால் பட்டம் வென்றார். அதையும் சேர்த்து மொத்தம் ஏழு முறை உலக சம்பியன் ஆனதும் அவரே.

“அப்படியானால் முடியவே முடியாதா?” என்பீர்கள். முடியும். மோட்டார் சைக்கிளின் உயர்தரப் பிரிவில் அமெரிக்கரான கென்னி ரொபர்ட்ஸ் 1978இல் தம் முதல் ஆண்டிலேயே வென்றார். அடுத்து அவ்வாறு வெல்ல ஒருவன் வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2013இல் ஸ்பெயின் நாட்டு மார்க் மார்க்கேஸ், இருபது வயதில், அதைச் செய்தான். அவ்வாண்டு ஆஸ்திரேலியாவில் டயர்கள் தாங்கா என்பதனால், பத்தாம் சுற்று முடிவதற்குள் எல்லோரும் வண்டி மாற்றவேண்டும் என விதித்திருந்தார்கள். மார்க்கேஸின் குழு கணக்கைத் தவறாக எண்ணியது, ஒரு சுற்றுப் பிந்தி உள்ளே வந்தான், போட்டியிலிருந்து நீக்கப்பட்டான். அந்த அடி அவனுக்குப் பாடமாயிற்று போலும். வலென்சியாவில் நடந்த கடைசிப் பந்தயத்தில் நான்காவதாக வந்தாலே பட்டம் அவனுக்கு. முன்னே இருவர் முட்டிமோத, அவர்களுடன் மல்லுக்கு நில்லாமல் மூன்றாமிடத்தில் வந்து நான்கு புள்ளிகளால் பட்டத்தைக் கொண்டுபோனான்.

எமது மலைவீதியில் வாகனம் ஓட்டுவோர்க்கு இது புதிதன்று. குறுகிய வளைவில் இரண்டு பஸ்கள் எதிர்ப்பட்டால், இறங்கிவரும் பஸ் ஒதுங்கி நிற்க, ஏறிவரும் பஸ் முதலில் போகும். ஒதுங்கி நின்ற சாரதியைத் தோற்றவன் என்று யாரும் சொல்வதில்லை. எங்கே விடவேண்டும் என்பதை அறிவதும் ஓட்டத் தெரிவதில் ஒரு பகுதி. அந்த அறிவு பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது.

மேலும் ஒன்று கவனிக்கவேண்டும். உலகம் புதியவர் என்று அழைத்த இவர்கள் உண்மையில் புதியவர்களா? மார்க்கேஸ் 2010இலும் 2012இலும் கீழ்ப்பிரிவுகளில் உலகப் பட்டம் பெற்று ஏறியவன். ஹாமில்டன் எட்டு வயதில் சிறுகார்ப் பந்தயத்தைத் தொடங்கியவர். அவருடைய தந்தை பல வேலைகள் பார்த்துச் செலவைத் தாங்கினார். பள்ளிப் படிப்பில் முயன்றால்தான் உதவி என்றும் நிபந்தனை விதித்தார். பதின்மூன்றாம் வயதில் மக்லாரன் என்ற பெரிய நிறுவனம் பொறுப்பேற்றது.

திறமை இருந்தும் வண்டி வாய்க்காதவர் கதி என்ன? கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனைப் பாருங்கள். ஆசியப் போட்டிகளில் பட்டம் பெற்ற அவர், 2005இல் உலகப் பட்டப் போட்டிக்கு வந்த முதலாவது இந்தியர். கிடைத்ததோ ஜோர்டான் என்னும் பின்தங்கிய குழுவின் கார். அவ்வாண்டு முழுவதும் அவர் புள்ளி பெற்றது ஒரே பந்தயத்தில். டயர்க் கோளாறு கருதிப் பெரும்பாலான குழுக்கள் விலகிவிட, ஆறே கார்கள் ஓடிய அமெரிக்கப் பந்தயத்தில் நான்காமிடம் வந்தார். குதிரை நொண்டியானால் வீரன் என்ன செய்வான்?

இறுதியாக, எமது ஊவா மாகாணத்தில் நடந்ததையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தைக் காண மலையகமெங்குமிருந்து மக்கள் திரள்வார்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, அங்கே ஓடுபாதையை விட்டு விலகிய கார் கூட்டத்துள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு உயிர்கள் போயின. இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பந்தயத்தின் விலையை ஓடுபவன் மட்டும் கொடுப்பதில்லை. ஓரத்தில் நிற்பவனும் கொடுக்க நேர்கிறது. வீட்டில் இருப்பவர்களும் ஓரத்தில் நிற்பவர்களே.

இவற்றையெல்லாம் அந்த இளைஞனிடம் சொன்னோம். ‘போகாதே’ என்று சொல்லவில்லை. அவனுடைய ஆசை குற்றமன்று, கைத்திறனும் பொய்யன்று. “தம்பி, வில்நெவ்வும் ஹாமில்டனும் முதல் ஆண்டில் தோற்றார்கள். ஆனால் மறு ஆண்டு ஏறி அமர அவர்களுக்கு ஒரு கார் காத்திருந்தது. நீ தோற்றால் உனக்குக் காத்திருப்பது எது? முதல் ஆண்டிலேயே முதலை இழந்தவனுக்கு இரண்டாம் ஆண்டு கிடையாது. வண்டியை விற்காதே. விடுமுறை நாட்களில் பந்தய வண்டி திருத்தும் கராஜ் ஒன்றில் கையாளாக நில். பந்தயங்களுக்குப் போய் இயந்திரத்தைப் படி. வென்றவனைப் பார்ப்பது போல விழுந்தவனையும் பார். பிறர் வண்டியில் ஓடிப்பார்க்க ஒரு வாய்ப்பு வந்தால் ஓடு. உன் திறமையைக் கண்டு வண்டி கொடுக்க ஒருவர் முன்வரும் நாளில் அம்மாவிடம் ஆசி கேட்கலாம்” என்றோம்.

சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, “பட்டம் எடுக்க எத்தனை வருஷம் போகும், சேர்?” என்று கேட்டான். அது எமக்குத் தெரியாது என்றோம். முகம் வாடினாலும் வணங்கிவிட்டே போனான்.

நேற்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அந்த முச்சக்கர வண்டி தரிப்பிடத்தில் வழக்கம்போல நின்றது. பின்னாசனத்தில் அவனுடைய தாய், கடையில் வாங்கிய சாமான் பையை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்தார்.