ஏலகிரி ஏற்றமும் சர்க்காரின் கடமையும்

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள் உண்டு. அவற்றைச் சைக்கிளில் ஏறிக் கடப்பதில் நம் வாலிபர் ஊக்கங் காட்டுகின்றனர். மேல்நாடுகளில் இத்தகைய சவாரிகளால் மனநோயாளருக்கு நிதி திரட்டி, அந்நோயைப் பற்றிய வீண் வெட்கத்தையும் போக்கி வருகிறார்கள். அவ்வழக்கம் இங்கும் வேரூன்றுமாயின் நாம் மனமார வரவேற்போம். ஆயினும் ஒன்று கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் தீப்பற்றிய கொட்டகையில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப வழியின்றி வெந்தனர். மாண்டவர் 28 பேர். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியைத் தடுத்தது. சர்க்கார் செலவில் வைத்தியம் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. உரிமையைத் தருமமாகக் கருதிவிடுதல் ஆகாது.

வேலூரையடுத்த பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் இருக்கிறது. குடும்பத்தாரையும் நோயாளியுடன் தங்கவைத்துச் சிகிச்சை செய்வது அதன் சிறப்பு. ஆனால் ஆம்பூர்த் தோல் தொழிலாளி அங்கு சென்று மீள ஒரு நாட்கூலியை இழந்தாக வேண்டும். மாதந்தோறும் இழக்க அவனால் இயலுமா? மருந்து பாதியில் நிற்கிறது, நோய் திரும்புகிறது.

1996-ல் தொடங்கிய ஜில்லா மனநலத் திட்டம் இவனுக்காகவே ஏற்பட்டது. ஊர்தோறும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியரும் மருந்தும் தவறாது கிடைக்கச் செய்தல் சர்க்காரின் பொறுப்பு. சவாரியில் சேரும் பணம் ஏழை நோயாளியின் வழிச்செலவுக்கு உதவட்டும். சவாரி செய்வோரோ மலையிலிருந்து இறங்கியதும் திருப்பத்தூர்க் கலெக்டர் கச்சேரிக்குச் சென்று, சட்டம் தந்ததைக் கேட்பாராக!