விருது வாங்கிய படங்களும் நம் கடைத் தராசும்



ஓர் ஆலிம் சினிமாவைப் பற்றி எழுதலாமா என்று முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் பார்க்கிறீர்கள். உங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். நம்மைப் பற்றி இந்த நாடு என்ன நினைக்க வேண்டும் என்பதையும் பாதிக்குப் பாதி அதுவே தீர்மானிக்கிறது. நாம் வாய்மூடி இருந்தால் அது நின்றுவிடப் போகிறதா?

சென்ற மாதம் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் இளைஞர்கள் சிலர் என்னை மடக்கினார்கள். "உலகமே மெச்சிய படங்கள் என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்களே ஹஜ்ரத், உங்கள் பட்டியல் என்ன?" என்று கேட்டார்கள். இதோ சொல்கிறேன். என் அளவுகோல் மூன்று கேள்விகள்தாம். அநீதி இழைத்தவனைப் படம் அடையாளம் காட்டுகிறதா? அடிபட்டவன் வாய் திறந்து பேசுகிறானா? பார்த்துவிட்டு எழுந்து போகிறவனுக்கு ஏதாவது வேலை மிஞ்சுகிறதா?

ஐந்தாவது: 'கான் வித் தி விண்ட்' (1939)

போட்டிப் பிரிவுகளில் 8 ஆஸ்கர்களை அள்ளிய அமெரிக்கப் படம். அடிமைகளை வைத்து வாழ்ந்த பண்ணையார்களின் காலம் போய்விட்டதே என்று கண்ணீர் விடுகிறது. அடிமையின் கண்ணீருக்கு அதில் இடமில்லை. பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினத்தவர். ஆனால் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவரால் போக முடியவில்லை. அங்கிருந்த நிறவெறிச் சட்டம் தடுத்தது. 1940இல் விருது விழாவிலும் அவரைத் தனி மேசையில்தான் உட்கார வைத்தார்கள். கையில் விருது, ஓரத்தில் நாற்காலி! விருதின் லட்சணம் புரிகிறதா?

நான்காவது: 'பம்பாய்' (1995)

தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது பெற்ற மணிரத்னத்தின் படம். இசை நன்று, நடிப்பு நன்று. நியாயம்? 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அந்த நகரம் எரிந்ததை, இரண்டு தரப்புக்கும் ஒரே நேரத்தில் பிடித்த பைத்தியமாகக் காட்டிவிட்டு, முடிவில் எல்லோரையும் கைகோக்க வைக்கிறது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். இறந்தவர்கள் 900 பேர். அதில் முஸ்லிம்கள் 575, இந்துக்கள் 275. எந்த உயிரும் உயிர்தான். ஆனால் காவல்துறை முஸ்லிம்களிடம் பாரபட்சமாக நடந்ததென்று அந்த ஆணையமே பதிவு செய்ததே! கணக்குத் தீராமல் கைகோக்கச் சொல்வதற்குப் பெயரா ஒருமைப்பாடு?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1995 ஜூலையில் மணிரத்னம் வீட்டில் குண்டு வீசப்பட்டு அவர் காயமடைந்தார். அதை நியாயப்படுத்தும் நாக்கு நம்மிடம் இருக்கக்கூடாது. படம் தவறென்றால் பேனாவை எடுங்கள்.

மூன்றாவது: 'தண்ணீர் தண்ணீர்' (1981)

கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை பாலசந்தர் படமாக்கினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. வறண்ட அத்திப்பட்டிக்கு அரசு தண்ணீர் தரவில்லை. மக்களே கால்வாய் வெட்டினால் அனுமதியில்லை என்று அதே அரசு ஓடி வருகிறது. கொடுக்க வராத கை, தடுக்க மட்டும் வருகிறது! நம் கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் கிடந்தது. அதற்குப் பின்னும் சாலைக்கும் மருத்துவத்துக்கும் அந்த மக்கள் எத்தனை தலைமுறை காத்திருக்கிறார்கள் என்பது வெள்ளிமலைக்கு ஒருமுறை ஏறி வந்தவருக்குத் தெரியும்.

இரண்டாவது: 'கரம் ஹவா'

1973ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய ஒருமைப்பாட்டு விருது பெற்றது. 'பம்பாய்' வாங்கியதும் இதே விருதுதான். வித்தியாசத்தைப் பாருங்கள்! எம்.எஸ். சத்யூ எடுத்த படம். பிரிவினைக்குப் பின் ஆக்ராவிலேயே தங்கிவிட்ட செருப்பு வியாபாரி சலீம் மிர்ஸாவாக பல்ராஜ் சாஹ்னி வாழ்ந்திருக்கிறார். மிர்ஸா ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனாலும் கடன் கொடுக்க மறுக்கிறார்கள். ஏன்? "உங்கள் ஆட்கள் வாங்கிவிட்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிடுகிறார்கள்." வாடகைக்கு வீடு கேட்டாலும் பெயரைக் கேட்டதும் கதவு மூடுகிறது. கடைசியில் ஊரைவிட்டுப் போகப் புறப்பட்டவர், வழியில் வேலையும் உரிமையும் கேட்டு வரும் ஊர்வலத்தில் மகனோடு இறங்கிக் கலந்துவிடுகிறார்.

இதற்குத்தானே முதலிடம் என்பீர்கள். நம் வலியை நாமே முதலிடத்தில் வைத்துக்கொள்வது பெரிய காரியமில்லை. நம் ஆட்களுக்கு மட்டும் நீதி கேட்பவன் நீதி கேட்கவில்லை, பங்கு கேட்கிறான்.

முதலாவது: 'விசாரணை'

கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், தான் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். வெற்றிமாறன் படமாக்கினார். 2015இல் வெனிஸ் விழாவுக்குப் போனது. 2016இல் சிறந்த தமிழ்ப் படம் உள்ளிட்ட தேசிய விருதுகளைப் பெற்றது. ஆந்திராவுக்குப் பிழைக்கப் போன தமிழ் இளைஞர்களை, செய்யாத திருட்டை ஒப்புக்கொள் என்று அடிக்கிறார்கள். அவர்களில் ஒருவன் அஃப்சல். அவன் மீதும் மற்றவர் மீதும் விழுந்தது ஒரே லத்திதான்! என் மூன்று கேள்விகளுக்கும் இந்தப் படத்தில் பதில் இருக்கிறது.

இது நம் மலையின் கதையும்கூட. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் தமிழகக் கூலித் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மலைக்கிராமத்தவர் அவர்களில் அதிகம். கல்வராயன் மலையிலிருந்து செம்மரம் வெட்டப் போய் ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்களும் உண்டு. அனுப்பிய முதலாளி வெளியே, கோடரி பிடித்தவன் உள்ளே!

சகோதரர்களே, இப்போது நம் கடைக்குள் வருவோம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 65க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் நம் சகோதரர் ஒருவருடைய மளிகைக் கடையில் நின்றிருந்தேன். மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர், மரவள்ளி அறுவடை வரைக்கும் இரண்டு மூட்டை அரிசி கடனாகக் கேட்டார். கடைக்காரர் சொன்னார்: "மலைக்காரனுக்குக் கடன் கிடையாது. காய்ச்சுகிற கூட்டம், ஏறிப் போனால் இறங்க மாட்டான்." வந்தவர் ஒன்றும் பேசாமல் பையை மடித்துக்கொண்டு போனார். நானும் அங்கே பேசாமல் நின்றேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சலீம் மிர்ஸாவுக்குச் சொன்ன அதே வாக்கியமல்லவா இது? நமக்கு ஒரு முத்திரை குத்தினால் துடிக்கிறோம். அந்த மலைவாசிக்கு இன்னொரு முத்திரையை நம் கையாலேயே குத்துகிறோம்!

வியாபாரிகளே! கடன் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், மலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அவர் சுமந்து வரும் கடுக்காய்க்கும் தேனுக்கும் புளிக்கும் உங்கள் தராசு நேராக நிற்கட்டும்.

இளைஞர்களே! சட்டம் படித்தவர்கள் நம்மில் இருக்கிறீர்கள். மலைக்கிராமத்து ஆள் ஒருவரைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள் என்று கேள்விப்பட்டால், பெயர் என்ன, சாதி என்ன என்று கேட்காமல் கூடப் போய் நில்லுங்கள்.

படம் பார்த்து அழுதவர்கள் நிறையப் பேர். மறுநாள் கடை திறந்தபோது மாறியவர் எத்தனை பேர்?