மோட்டாரின்மேல் கட்டப்பட்ட விசுவாசம்

தியானப் பகுதி: யாத்திராகமம் 31:1-5, கொலோசெயர் 1:15-17



இவ்வாரம் நான் ஒரு பிரசங்கத்துக்கு விரோதமாக எழுதுகிறேன். அதைச் செய்தவர்களுள் நானும் ஒருவன்.

அந்தப் பிரசங்கத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நம் உயிரணுக்களுக்குள் கினசின் என்னும் புரதம், விழுப்புரம் சந்திப்பில் மூட்டை சுமப்பவரைப்போல, அடிக்கு எட்டு நானோமீட்டராக நடந்து சுமை கொண்டுசெல்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஏடிபி சிந்தேஸ் என்னும் மற்றொரு புரதம் சக்கரமாய்ச் சுழன்று உடலுக்கு ஆற்றலை உண்டாக்குகிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் பிரசங்கத்தின் முடிவு இது: "இப்படி ஒரு மோட்டாரை மனிதனால் செய்யமுடியுமா? முடியாது, ஆகவே தேவன் இருக்கிறார்." சபை அல்லேலூயா என்றது.

சென்ற மாதம் திண்டிவனத்தில் நடந்த வாலிபர் கூடுகை முடிந்தபின், வேதியியல் படிக்கும் மகள் ஒருத்தி என்னிடம் தனியே வந்தாள். "ஐயா, செய்துவிட்டார்களே. அப்படியானால்?" என்றாள். அவள் என்னைச் சோதிக்க வரவில்லை, பயந்துபோய் வந்திருந்தாள்.

அவள் சொன்னது மெய். பென் ஃபெரிங்கா 1999இல் ஒளியால் ஒரே திசையில் சுழலும் மூலக்கூறு மோட்டாரைச் செய்தார். 2016இல் சோவாஜ், ஸ்டோடார்ட் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கனடா, சுவீடன், ஆஸ்திரேலியா நாடுகளின் ஆய்வாளர்கள் புரதத்தைக் கொண்டே 'புல்வெட்டி' என்னும் மோட்டாரை அமைத்து, 2024இல் வெளியிட்டார்கள். நம் குடலில் உணவைச் செரிக்கச்செய்யும் டிரிப்சினை நுண்மணி ஒன்றின்மேல் பொருத்தினார்கள். அம்மணி தன் பாதையிலுள்ள புரதத் துணுக்குகளை வெட்டியவாறே நகர்கிறது. மேய்ந்த இடத்தில் புல் இல்லாததால் ஆடு மேயாத இடத்தை நோக்கிப் போவதுபோலத்தான் இதுவும்.

"அந்த டிரிப்சின் தேவன் படைத்ததுதானே?" என்னும் பதில் என் நாவின் நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டேன். இயற்கையில் இல்லாத புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததற்காக 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி டேவிட் பேக்கருக்கு வழங்கப்பட்டது. நாளைக்கு நாம் எங்கே ஒதுங்குவோம்? ஆய்வுக்கூடம் ஓர் அடி முன்னேறும்போதெல்லாம் ஓர் அடி பின்வாங்குகிற தேவனை வேதம் அறியாது. அவரை உண்டாக்கியவர்கள் பிரசங்கிகளாகிய நாங்களே.

நெல் எப்படி விளைகிறது என்று வேளாண் அலுவலர் வேரிலிருந்து கதிர்வரை விளக்குவார். அதற்காக, அறுப்பின் பண்டிகையில் பீடத்தண்டை வைத்த மூட்டையை யாராவது திரும்பத் தூக்கிக்கொண்டு போனதுண்டா? சகலமும் கிறிஸ்துவுக்குள் நிலைநிற்கிறது என்று பவுல் எழுதினார். அந்தச் சகலத்தில் நமக்கு விளங்காதவையும் உண்டு, விளங்கியவையும் உண்டு.

மனிதனின் கைவேலையைக் கண்டு தேவன் பொறாமைப்படுகிறவர் அல்ல. பெசலெயேலைத் தம்முடைய ஆவியினால் அவர் நிரப்பியது பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்வதற்கே. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கக்கூடும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு ஜி. என். ராமச்சந்திரனும் அவரோடு உழைத்தவர்களும் 1963இல் வரைந்து காட்டினார்கள். புரதங்களின் அமைப்பை ஆராய்கிறவர்கள் இன்றும் அந்த வரைபடத்தை வைத்துச் சரிபார்க்கிறார்கள். புரதங்களைக் கட்டும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்து 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கி ராமகிருஷ்ணன், அந்நாளில் நம்முடைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த சிதம்பரத்தில் பிறந்தவர். நம் பிள்ளைகளுள் ஒருவர் நாளை அவ்வழியில் போகவேண்டுமானால், ஞாயிறுதோறும் அவர்கள் பாடப்புத்தகத்தைப் பகையாக்கிக் காட்டலாமா?

எல்லாக் கைவேலையும் பரிசுத்தமானது என்று நான் சொல்லவில்லை, பாபேலும் கைவேலைதான். ஆனால் அங்கே கேட்கவேண்டியது "உன்னால் முடியுமா?" என்பதன்று, "யாருக்காகச் செய்கிறாய்?" என்பதே. நோயாளிக்கு உதவும் மோட்டாரா, ஏழையை மேலும் ஏழையாக்கும் மோட்டாரா? சபை பேசவேண்டிய இடம் அதுதான்.

ஆகையால் பிரியமானவர்களே, "விஞ்ஞானிகளால் முடியாது" என்று கைப்பேசியில் வருகிற செய்திகளை அனுப்பாதிருங்கள். நம் அஸ்திபாரம் விஞ்ஞானியின் இயலாமை அன்று. சிலுவையில் அறையுண்டு உயிர்த்தெழுந்த கிறிஸ்துவே. அந்த மகளிடம் இதைச் சொல்லி, என் பழைய பிரசங்கத்துக்காக மன்னிப்பும் கேட்டேன். "அப்படியானால் நான் மேலே படிக்கலாமா, ஐயா?" என்றாள்.

படி, மகளே. உன் ஆய்வுக்கூடத்திலும் அவர் இருக்கிறார்.

ஜெபம்: சகலத்தையும் தாங்குகிற ஆண்டவரே, எங்கள் அறியாமைக்குள் உம்மை அடைத்துவைத்த பாவத்தை மன்னியும். எங்கள் பிள்ளைகளின் அறிவை ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.