பரங்கிமலையும் விருந்தினர் கடனும்

கொருக்குப்பேட்டையினின்று கல்லூரிக்கு வரும் யான், இரண்டாண்டுகளாக நாள்தோறும் மின்சார ரயிலிலிருந்து பரங்கிமலையைப் பார்த்து வந்தேன், பார்த்தேனேயன்றி அறிந்தேனல்லேன். சென்ற டிசம்பர்த் திங்களில் ஒரு சனிக்கிழமை, தோழர் இருவருடன் அந்நிலையத்தில் இறங்கி மலையை நோக்கி நடந்தேன். ஆங்கு யான் கற்ற பாடமே இக்கட்டுரைக்குக் காரணம்.

பரங்கிமலை ஏறத்தாழ 300 அடி உயரமே உடையது. எனினும் சென்னையின் வரலாற்றில் அதற்குள்ள இடம் பெரிது. அப்போஸ்தலராகிய தோமா கி.பி. 72இல் ஈண்டு உயிர் துறந்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. போர்ச்சுகீசியர் 1547இல் உச்சியில் நிலத்தைத் தோண்டியபோது பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. அஃது இன்றும் மலைமேலுள்ள ஆலயத்தில் விளங்குகின்றது. பறங்கியர் வாழ்ந்தமையாற் பெற்ற பெயரே பரங்கிமலை என்பர் சிலர். பிருங்கி முனிவர் தவஞ்செய்த மலையாதலின் வந்த பெயர் என்பர், மலைக்கருகே ஆதம்பாக்கத்திலுள்ள நந்தீசுவரர் கோயிலைச் சார்ந்தோர். 1802இல் வில்லியம் லாம்டன் இம்மலையருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளந்தார். பிற்காலத்தில் இமயம்வரை சென்ற பெரு நிலவளவைக்கு அதுவே தொடக்கமாயிற்று.

எண்ணிப் பார்க்கின், இவருட் பலர் வேற்று நாட்டினின்று வந்தோர். விருந்து என்னுஞ் சொற்குப் புதுமை என்பது பழம்பொருள் ஆதலின், இம்மலையின் வரலாறு விருந்தினர் வரலாறே எனலாம். அவருள் என் உள்ளத்தைக் கவர்ந்தவர் ஆர்மீனிய வணிகராகிய கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்பார். அவர் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் ஒன்று கட்டுவித்தார். மலையேறுவோர் பொருட்டுக் கற்படிகளும் அமைப்பித்தார். அவற்றைப் பேணுதற்கும் பொருள் ஒதுக்கினார். அப்பாலம் இன்று இல்லை. அவ்விடத்தில் மறைமலையடிகள் பெயர் தாங்கிய பாலம் நிற்கின்றது. படிவழியோ இன்றும் ஏறுவோர்க்கு உதவுகின்றது. தாம் பிறவாத ஊரில், தம் இனத்தவரல்லாதார் கால் நோவாதிருத்தற்பொருட்டுத் தம் செல்வத்தைச் செலவிட்டார் அவ்வணிகர். வந்த ஊருக்கு விருந்தினன் ஆற்றத்தக்க கடன் யாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட வல்லது யாதுளது?

நிற்க. அன்று யான் செய்த செயலையும் மறையாது கூறுதல் வேண்டும். மலையடித் தெருவில் பழைய வீடொன்றைக் கண்டேன். அதன் முகப்பும் மரச்சன்னலும் என்னை ஈர்த்தன. ஒருவரையுங் கேளாமலே கைபேசியாற் படம் எடுத்தேன். அவ்வேளை கதவைத் திறந்துகொண்டு முதிய அம்மையார் ஒருவர் வெளியே வந்தார்.

“தம்பி, கொடியில் கிடக்கும் துணியெல்லாம் காய்ந்த பிறகு வந்திருந்தால் வீடு இன்னும் அழகாக இருந்திருக்குமே” என்றார் சிரித்துக்கொண்டே.

யான் நாணி நின்றேன். அவர் என் ஊரை வினவினார். சொன்னேன்.

“கொருக்குப்பேட்டையா! என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் கூட்ஸ் வண்டி ஓட்டினவர். மழைக்காலத்தில் வண்டி நின்றுபோனால் அங்கே இருக்கிறவர்கள் தேநீர் கொண்டுவந்து கொடுப்பார்களாம். நல்ல ஜனங்கள் என்று கடைசிவரை சொல்லுவார்” என்றார்.

என் ஊரின் பெருமையை யான் அறிந்திலேன். அதனைப் பரங்கிமலைத் தெருவொன்றிற் கேட்டறிந்தேன். அக்கணமே வேறொரு நினைவும் எழுந்தது. சில ஆண்டுகட்கு முன், எம் தெருவில் மழைநீர் தேங்கி நின்ற நாளில், எங்கிருந்தோ சிலர் படக்கருவிகளுடன் வந்தனர். முழங்கால் நீரில் நின்ற என் பாட்டியாரைப் படமெடுத்தனர், சென்றனர். ஒருவரேனும் அவர் பெயரைக் கேட்டிலர். அன்று யான் கொண்ட சினம் சிறிதன்று. அவர் செய்ததையே யானும் பரங்கிமலையில் செய்தேன். அழகென்று எடுப்பினும் அவலமென்று எடுப்பினும், கேளாது எடுத்தல் ஒன்றே.

“தெரு பொதுவன்றோ? காணச் சென்றவன் கண்ணை மூடிக்கொண்டு வருதல் வேண்டுமோ?” என்று திரும்பும் வழியில் தோழர் ஒருவர் வினவினார். தெரு பொதுவே; திண்ணை பொதுவன்று. காண்டலிற் குற்றமில்லை, வாழும் மனிதரைச் சுவரோடு சுவராகக் கருதிக் காண்டலே குற்றம். பழைய ஊர்ப்பகுதி ஒவ்வொன்றும் முதலில் ஒரு சிலருக்கு இல்லம். பின்னரே ஏனையோர்க்குக் காட்சி.

ஆகவே மாணவ நண்பர்கட்கு யான் கூற விரும்புவன இவை. மலைமேல் மோட்டார் செல்லும் சாலை உண்டெனினும், உடல்வலி உள்ளோர் படிவழியே ஏறுக. நடப்பவனுக்கே ஊர் பேசும். நம்பிக்கையாக வழங்குவதை நம்பிக்கையாகவும், வரலாறாகத் தெளிந்ததை வரலாறாகவும் கேட்டுக் கொள்க. ஒன்றை மற்றொன்றாக்கி வாதிடற்க. படம் எடுக்குமுன் பெயர் கேட்க. தம் பெயரும் ஊரும் சொல்க. நம் கல்லூரியினர் ஆண்டுதோறும் செல்லும் உலாக்களில் ஐந்து இடங்களை அரைநாளில் ஓடிக் காண்பதை விடுத்து, ஒரு தெருவில் அரைநாள் தங்கி, முதியோர் கூறுவதை அவர் இசைவுடன் எழுதிக்கொள்க. எழுதியதன் படியொன்றை அவர்க்கே கொண்டுபோய்க் கொடுக்க. படி கட்ட நம்மிடம் பொன்னில்லை, இப்படியேனும் கொடுக்கலாமன்றோ?

ஆற்றுப்படை என்னும் நூல்வகையில், சென்று பெற்றவன் ஒருவன் செல்லாதவனுக்கு வழி காட்டுகின்றான். அம்முறையில் யானும் ஒரு வழி காட்டுவேன். எம் கொருக்குப்பேட்டையில் மலையில்லை; ஏறத்தக்க படியுமில்லை; சரக்கு வண்டிகளின் ஓசையே உண்டு. ஆயினும் வருக. என் பாட்டியார் பெயரை முதலிற் கேளுங்கள். பின்னர் அவரே தேநீர் தருவார்.