மூன்று சுழியும் ஒரு தம்பியும்

சென்ற இதழில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. எழுத்துப்பிழை அல்ல, எழுத்துருப் பிழை. அஞ்சலிக் குறிப்பின் தலைப்பு, தடித்து உருண்ட ‘பலூ தம்பி’ எழுத்தில் வந்துவிட்டது. சிறுவர் பக்கத்துக்கு வைத்திருந்த அமைப்பை அவசரத்தில் அங்கேயும் ஒட்டியதால் வந்த வினை. மெய்ப்புப் பார்த்த மூன்று பேரும் ஒற்றுப் பிழையைத் தேடிக்கொண்டிருந்தோமே தவிர, பக்கத்தைத் தள்ளிவைத்துப் பார்க்கவில்லை. இறந்தவர் பெயர் பிறந்தநாள் கேக்கில் எழுதியதுபோல் இருந்ததென ஒரு வாசகர் எழுதினார். உண்மைதான். குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

அதற்காக அந்த எழுத்தைக் கைகழுவ மனம் வரவில்லை. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழு 2016இல் வெளியிட்ட பலூ குடும்பத்தின் தமிழ் வாரிசு அது. ‘ஜங்கிள் புக்’ கரடியை நினைவூட்டும் பெயர். பல மொழிகளுக்கு ஆளுக்கோர் உறவுமுறையைச் சேர்த்தார்கள்: குஜராத்திக்கு பாய், மலையாளத்துக்குச் சேட்டன், பஞ்சாபிக்குப் பாஜி. நமக்குத் தம்பி. பக்கத்து வீட்டுக்காரர்கள் அண்ணனாகிவிட்டார்களே என்று குறைப்பட வேண்டாம். தெலுங்குக்குக் கிடைத்ததும் தம்முடுதான்.

கோடு தடிமனாக, முனை மழுங்கலாக, எங்கும் கூர்மை இல்லாமல் எழுதுவது ரோமன் எழுத்துக்குப் பெரிய வேலையில்லை. வோக்ஸ்வாகன் நிறுவனத்துக்காக 1979இல் உருவான வாக் ரவுண்டட் எழுத்துரு, பிற்பாடு ஆப்பிள் கணினி விசைப்பலகைகளில் பல ஆண்டுகள் ஒற்றை ஒற்றை எழுத்தாக உட்கார்ந்திருந்தது. ரோமனில் அடைபட அதிகம் துளை இல்லை. தமிழில் ‘ண’ என்று ஒரு ஆள் இருக்கிறார். மூன்று சுழி. கோட்டைத் தடிமனாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெள்ளை சுருங்கும். அதை மலிவுத்தாளில் சின்னதாக அடித்தால் மை பரவி மிச்சத்தையும் மூடிவிடும். அப்புறம் மணம் எது, மனம் எது என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘ஞ’வின் கதியும் இதேதான். ஆகவே இத்தகைய எழுத்தைச் செய்கிறவரின் சாமர்த்தியம் கறுப்பில் இல்லை, உள்ளே எவ்வளவு வெள்ளையைக் காப்பாற்றினார் என்பதில் இருக்கிறது. பெரிய அளவில் தம்பி இதை நன்றாகவே செய்கிறது. நம் அச்சில் 14 பாயிண்டுக்குக் கீழே இறக்கியபோது திணறியது. அதற்கு அதைக் குறை சொல்லக் கூடாது, தலைப்புக்கென்று செய்த எழுத்து.

ஓவியர் ஆதிமூலம் கைப்பட எழுதிய தலைப்புகளைப் பார்த்து வளர்ந்த சிற்றிதழ்க்காரர்களுக்கு இந்த உருளை எழுத்து கொஞ்சம் மட்டுதான். விளையாட்டுப் புத்தி என்பார்கள். இருக்கட்டுமே. உரக்கப் பேசினாலும் இதன் குரலில் கோபம் ஏறாது. கண்டன அறிக்கையை இதில் அடித்தால் ஒருவரும் மிரளமாட்டார்கள். கதை நேரம், மாம்பழ விலை, குழந்தைகள் நூலக அறிவிப்பு, கடைப்பலகை ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது எளிதில் கிடைக்காது. யூனிகோடு எழுத்து, திறந்த உரிமம். யாரும் காசில்லாமல் எடுத்தாளலாம், திருத்தவும் செய்யலாம். அடுத்த இதழின் தாள் செலவுக்கு இப்போதே விழி பிதுங்கும் நமக்கு இது சின்ன விஷயம் அல்ல. முதலில் ஒரே தடிமனில் வந்தது. பின்னர் வந்த ‘பலூ 2’இல் ஐந்து தடிமன்கள் உண்டு.

இந்த இதழிலிருந்து அஞ்சலித் தலைப்புகள் கட்டுரை எழுத்திலேயே, இரண்டு பாயிண்ட் மட்டும் பெரிதாக வரும். தம்பிக்குச் சிறுவர் பக்கமும் பின்னட்டையும். பின்னட்டையில் இருப்பது சந்தா அறிவிப்பு. கண்ணில் படவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.